எது எரிந்தது, எது தப்பியது?

எங்கள் வீட்டில் இரண்டு முறை மின்சாதனங்கள் கும்பலாக எரிந்து போயின. ஒரு முறை இடி மின்னலின்போது. இன்னொரு முறை, மழையோ காற்றோ இல்லாத ஒரு மாலையில். இரண்டு முறையும் அக்கம்பக்கத்தில் கிடைத்த ஆலோசனை ஒன்றுதான்: "ஹை வோல்டேஜ் வந்திருக்கும், ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போட்டுடுங்க." ஆனால் இரண்டிலும் போன பொருள்கள் வேறு, போன விதம் வேறு, மின்சாரம் உள்ளே வந்த வழியும் வேறு. முதலாவதை ஸ்டெபிலைசரால் தடுத்திருக்கவே முடியாது. இரண்டாவதில் அதுவே எரிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் இப்படி நடந்த வீட்டிலிருந்து யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: உடனே எதையும் வாங்க வேண்டாம், ஒரு தாளை எடுங்கள். எது போனது, எது தப்பியது, ஒவ்வொன்றிலும் என்னென்ன வயர்கள் செருகியிருந்தன என்று எழுதுங்கள். எந்த வழியைக் காவல் காக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மின்னல் அன்று போனவை: ரூட்டர், செட்டாப் பாக்ஸ், டிவியில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் போர்ட், மொட்டை மாடியில் இருந்த கேமரா. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மின்விசிறி, எல்இடி விளக்கு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. டிவியும் சாகவில்லை, பக்கத்து எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினால் படம் வந்தது. புது ரூட்டர் வந்ததும் கம்ப்யூட்டர் வைஃபையில் நன்றாகவே ஓடியது.

கரண்ட் வரும் வழியாக அடித்திருந்தால் விளக்குகளும் ஃப்ரிட்ஜின் போர்டும் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? செட்டாப் பாக்ஸைப் பிரித்துப் பார்த்த ரிப்பேர்காரர் அதைத்தான் காட்டினார். "இங்க பாருங்கக்கா, பவர் பக்கத்து ஃப்யூஸ் முழுசா இருக்கு. வோல்டேஜ் ஏறியிருந்தா இதுதான் முதல்ல போயிருக்கும். கேபிள் வந்து சேர்ற இடத்துல இருக்கற சிப்தான் வெடிச்சிருக்கு." செத்த சாதனங்களை வரிசையாக வைத்தால் வழி அப்படியே தெரிந்தது. மாடி ஆன்டெனாவிலிருந்து செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரில் டிவி. மாடிக் கேமராவிலிருந்து ரூட்டர், அங்கிருந்து நெட்வொர்க் வயரில் கம்ப்யூட்டர். இரண்டு சங்கிலிகளும் வீட்டுக்கு வெளியேதான் தொடங்கின.

மின்னல் எங்கள் வீட்டில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழவே தேவையில்லை. சாதாரண மின்னல் ஒன்றில் பாயும் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அது சில மைக்ரோ நொடிகளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம் பக்கத்தில் உள்ள நீளமான எந்த வயரிலும் வோல்டேஜைத் தூண்டிவிடும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சிப் வேலை செய்வது சில வோல்ட்டில். அதற்கு ஆயிரக்கணக்கில் வந்தால் தாங்காது.

தூண்டல் ஒரு பக்கம். இன்னொன்று எர்த். மின்னல் இறங்கிய இடத்தைச் சுற்றி மண்ணின் மின்னழுத்தமே சில கணம் ஏறும். இங்கே ஒரு அளவு, பத்தடி தள்ளி வேறு அளவு. எங்கள் ஆன்டெனாவுக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்திருந்தார்கள். வீட்டு மெயின் போர்டுக்கு வேறோர் இடத்தில் எர்த். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது செட்டாப் பாக்ஸும் டிவியும்தான். இரண்டு எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் தன்னைச் சமன்செய்துகொள்ள அவற்றின் வழியாகத்தான் பாய்ந்திருக்கிறது.

"கம்ப்யூட்டருக்குத் தனி எர்த் போட்டால் பாதுகாப்பு" என்று இன்றும் பலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஒன்றோடொன்று சேராத இரண்டு எர்த் ஒரே வீட்டில் இருப்பது மின்னல் நேரத்தில் ஆபத்து. எத்தனை எர்த் கம்பி வேண்டுமானாலும் இருக்கட்டும், அவை எல்லாம் தடித்த வயரால் இணைக்கப்பட்டு மெயின் போர்டில் ஒரே எர்த் முனைக்கு வந்து சேர வேண்டும். அப்போது வீட்டின் மின்னழுத்தம் மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கும். சாதனங்களுக்கு நடுவே வித்தியாசம் குறையும். வெளியிலிருந்து வரும் ஆன்டெனா கேபிள், டெலிபோன் வயர், கேமரா வயர் எல்லாம் முடிந்தவரை மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் உள்ளே நுழைவது நல்லது. நுழையும் இடத்தில் அந்தந்த வயருக்கான சர்ஜ் ப்ரொடெக்டரை, அதாவது திடீர் மின் அடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவியைப் பொருத்தி அதே எர்த்தில் இணைக்க வேண்டும்.

இதைவிட எளிய வழியும் உண்டு: செம்பு வயரையே விட்டுவிடுவது. மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே வைஃபை வைக்கலாம். அல்லது ஃபைபர் இழுக்கலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி ஒட்டியிருப்பது உண்டு. அந்தக் கம்பி இருந்தால் அதை வெளிச்சுவரிலேயே நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இதைக் கேட்டால்தான் செய்கிறார்கள்.

அடுத்தது இரண்டாவது சம்பவம்.

அன்று மாடிப்படியில் இருந்த குண்டு பல்பு திடீரென்று வெள்ளையாகப் பளிச்சிட்டது. கூடத்து மின்விசிறி வேகம் பிடித்து இரைந்தது. அதே நேரத்தில் உள்ளறை விளக்கு மங்கித் துடித்தது. ஒரு சார்ஜர் "டப்" என்று வெடித்தது, ஸ்பைக் பஸ்டர் என்கிற, திடீர் மின் அடியைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மெயினை அணைப்பதற்குள் கூடத்துப் பக்கம் செருகியிருந்த சார்ஜர்கள், எல்இடி விளக்குகள், ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு எல்லாம் போய்விட்டன. விளக்கு மங்கிய உள்ளறைப் பக்கத்தில் ஒன்றுகூடப் போகவில்லை.

ஒரு பக்கம் பளிச்சென்று, மறுபக்கம் மங்கல் என்றால் உடனே நினைவுக்கு வர வேண்டியது நியூட்ரல். எங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பு: கரண்ட் மூன்று ஃபேஸ் வயர்களில் வரும், அவை மூன்றுக்கும் பொதுவான திரும்பும் வயர்தான் நியூட்ரல். மீட்டருக்குப் பக்கத்தில் நியூட்ரல் முனையின் ஸ்க்ரூ தளர்ந்து, சூடேறி, வயர் கருகி விட்டுப்போயிருந்தது.

நியூட்ரல் போனால் கரண்ட் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஃபேஸ் வரும் வீட்டில், அந்த வீட்டுக்கு வரும் நியூட்ரல் மட்டும் அறுந்தால் அப்படித்தான் நிற்கும். மூன்று ஃபேஸில் நடப்பது வேறு. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் என்றால், ஒரு ஃபேஸுக்கும் அடுத்த ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட். நியூட்ரல் இல்லாதபோது ஒரு ஃபேஸில் உள்ள சாதனங்களும் இன்னொரு ஃபேஸில் உள்ள சாதனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்ததுபோல் ஆகி, அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. இரண்டு ஃபேஸை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒன்றில் 1,000 வாட் கீசர், மற்றதில் விளக்கும் சார்ஜருமாகச் சேர்த்து 100 வாட். கீசருக்கு ஏறத்தாழ 36 வோல்ட்தான் கிடைக்கும். அந்தச் சின்னச் சாதனங்களின் தலையில் 364 வோல்ட் விழும். எங்கள் வீட்டில் தெரிந்ததும் இதே கணக்குதான். கீசர் ஓடிய ஃபேஸ் மங்கியது, சின்னச் சாதனங்கள் இருந்த ஃபேஸ் எரிந்தது.

சார்ஜர் ஏன் வெடித்தது என்பதற்கும் கணக்கு உண்டு. 230 வோல்ட்டை டிசியாக மாற்றும்போது அதன் உச்சம் 325 வோல்ட். அதற்காக உள்ளே 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். 364 வோல்ட் ஏசி வந்தால் டிசி 515 வோல்ட் ஆகும். கெபாசிட்டர் உப்பி, மேல்மூடி கிழிந்துவிடும். எரிந்த போர்டில் கெபாசிட்டர் உப்பியிருந்தால், நெடுநேரம் கூடுதல் வோல்டேஜ் இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். மின்னலின் அடி இதைப் போல நொடிக்கணக்கில் நீடிக்காது. அது மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும்.

ஸ்பைக் பஸ்டர் கருகியதற்குக் காரணமும் இந்த நேர வித்தியாசம்தான். அதற்குள் இருப்பது எம்ஓவி என்கிற சின்ன வட்டத் தகடு, பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் ஆனது. வெள்ளம் வரும்போது மதகைத் திறந்துவிடுவது போல, வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டியதும் அது தன் வழியே மின்சாரத்தைத் திருப்பிவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகும் அடிக்கு அது அருமையான காவல். ஆனால் 275 வோல்ட்டுக்கென்று செய்த எம்ஓவிக்கு 364 வோல்ட் தொடர்ந்து வந்தால், அது விடாமல் கடத்திக் கடத்தித் தானே சூடாகித் தீப்பிடிக்கும். ஆகவே ஸ்பைக் பஸ்டரைத் திரைச்சீலைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே, காகிதக் கட்டுகளுக்கு நடுவே வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே வெப்பத்தில் துண்டித்துக்கொள்ளும் ஃப்யூஸ் இருப்பதாகப் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நியூட்ரல் அறுந்தால் காப்பாற்றுவது வேறொரு கருவி: ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே. மெயின் போர்டில் எம்சிபி என்கிற, தானே துண்டிக்கும் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே மாட்டலாம். வோல்டேஜ் நாம் வைத்த உச்சத்தைத் தாண்டினால் ஒட்டுமொத்தமாகத் துண்டித்துவிட்டு, சரியானதும் சில நிமிடம் காத்திருந்து தானே சேர்க்கும். நாங்கள் 270 வோல்ட்டில் வைத்திருக்கிறோம். மூன்று ஃபேஸ் என்றால் மூன்றையும் கவனிக்கும்படி போட வேண்டும். வீட்டுக்கு வருவது ஒரே ஃபேஸ்தான் என்றாலும் இது தேவை. ஏனென்றால் தெருக் கம்பியில் நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடுத்ததுபோல் ஆகி இதே கதை நடக்கும். 120 வோல்ட் பயன்படுத்தும் நாடுகளிலும் இதிலிருந்து தப்ப முடியாது; அங்கே வீட்டுக்கு 240 வோல்ட்டாக வந்து நடுவில் நியூட்ரலால் பிரிவதால், நியூட்ரல் போனால் 120 வோல்ட் சாதனங்களில் 200க்கு மேலும் ஏறலாம்.

விளக்குகள் இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்தால் சாதனங்களை ஒவ்வொன்றாக அணைக்கப் போகாதீர்கள். ஒவ்வொன்றை அணைக்கும்போதும் பங்கு மாறி, மீதம் இருப்பவற்றுக்கு வோல்டேஜ் கூடலாம். நேராக மெயினுக்குப் போய் மொத்தத்தையும் அணையுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இந்த இரண்டைத் தவிர, தினமும் நடக்கும் சின்ன அடிகளும் உண்டு. மோட்டாரும் கம்ப்ரசரும் அணையும்போது கிளம்பும் ஸ்பைக், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வரும் தள்ளாட்டம். இவை ஒரே அடியில் கொல்லாது. சாதனத்தின் ஆயுளைத் தின்னும். கரண்ட் வந்ததும் சில நிமிடம் பொறுத்து ஃப்ரிட்ஜையும் ஏசியையும் போடுவது நல்லது. கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமமாவதற்கும் அந்த இடைவெளி தேவை.

சரி, மெயின் போர்டில் ஏற்கெனவே எம்சிபி இருக்கிறதே என்றால், அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் உள்ளது. அது துண்டிக்க எடுத்துக்கொள்ளும் சில மில்லி நொடிக்குள் மின்னலின் அடி எப்போதோ முடிந்திருக்கும். ஆர்சிசிபி என்கிற, மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச் நமக்கு ஷாக் அடிக்காமல் காக்கிறது, சாதனத்துக்கு அது காவல் இல்லை. ஸ்டெபிலைசரும் வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்கும் இடத்தில் நல்ல கருவி. மின்னல் வேகத்துக்கு அதுவும் ஈடுகொடுக்காது. கரண்ட் வழியாக வரும் மின்னல் அடிக்கு மெயின் போர்டில் எஸ்பிடி என்கிற சர்ஜ் ப்ரொடெக்டரை மாட்ட வேண்டும். வீட்டின் கூரையில் இடிதாங்கி இருந்தால் டைப் 1, இல்லாவிட்டால் சாதாரண வீட்டுக்கு டைப் 2 போதும். ஐஇசி 61643-11 தரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் மாற்ற வேண்டும்.

எஸ்பிடி மீது எழுதியிருப்பவற்றில் நான் முக்கியமாகப் பார்ப்பது, அடி வரும்போது அது எத்தனை வோல்ட்டை உள்ளே விடும் என்பதை. அது 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும். 230 வோல்ட் வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவை 2.5 கிலோவோல்ட் வரையிலான நொடிப்பொழுது அடியைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. நுட்பமான மின்னணுச் சாதனங்களுக்கு 1.5 கிலோவோல்ட்.

இங்கேதான் நல்ல எஸ்பிடி வாங்கிய வீடுகளும் கோட்டை விடுவதைப் பார்க்கிறேன். கருவி சரியாக இருக்கும், அதற்குப் போகும் வயர் சுற்றி வளைத்து நீளமாக ஓடும். மின்னல் வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு மீட்டர் வயரும் தன் பங்குக்கு ஏறத்தாழ 1,000 வோல்ட்டைக் கூட்டிவிடும். 1.5 கிலோவோல்ட் எஸ்பிடிக்கு இரண்டு மீட்டர் வயர் விட்டால் வீட்டுக்குள் போவது 3.5 கிலோவோல்ட். ஃபேஸிலிருந்து எஸ்பிடி, எஸ்பிடியிலிருந்து எர்த் முனை, இரண்டும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. "வயர் பார்க்க அழகா மடிச்சு விட்டிருக்கேன்" என்று எலெக்ட்ரீஷியன் சொன்னால், "அழகு வேண்டாம் தம்பி, நேரா இழுத்துடுங்க" என்று நான் சொல்லிவிடுவேன். மெயின் போர்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் தள்ளி விலையுயர்ந்த சாதனம் இருந்தால், அங்கே இன்னொரு சின்ன ப்ரொடெக்டரும் தேவை. அந்த இடத்தில்தான் ஸ்பைக் பஸ்டருக்கு வேலை.

ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரில் விற்பவற்றில் பல, ஸ்விட்சும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். பெட்டியில் எவ்வளவு மின் அடியைத் தாங்கும் என்ற ஜூல் அளவும், எந்த வோல்டேஜில் மடக்கும் என்ற கிளாம்பிங் வோல்டேஜும் அச்சிட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அதில் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மூன்று பின் பிளக்கும், சுவர் பாயின்ட்டில் வேலை செய்யும் எர்த்தும் அவசியம். எர்த் இல்லாத பாயின்ட்டில் அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மட்டும் காக்கும், மற்ற வழி திறந்தே கிடக்கும். டிவியையும் செட்டாப் பாக்ஸையும் வேறு வேறு பாயின்ட்டில் செருகாமல் ஒரே ப்ரொடெக்டரில் செருகுங்கள். ஒரு ஸ்பைக் பஸ்டருக்குள் இன்னொன்றைச் செருக வேண்டாம்.

இவ்வளவும் பொருத்திய பிறகும், மின்னல் நேராக வீட்டிலோ பக்கத்துக் கம்பத்திலோ விழுந்தால் எந்தக் கருவியும் முழு உத்தரவாதம் இல்லை. பிளக்கைக் கழற்றி வைப்பதற்கு ஈடான பாதுகாப்பு கிடையாது. ஸ்விட்சை அணைப்பது போதாது. பல ஸ்விட்சுகள் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியையும் மின்னலின் அடி தாண்டிவிடும். பிளக்கோடு சேர்த்து ஆன்டெனா கேபிளையும் நெட்வொர்க் வயரையும் கழற்றுங்கள். எங்கள் வீட்டு முதல் சம்பவத்தில் பவர் பிளக்கை மட்டும் கழற்றியிருந்தால்கூட அந்தப் போர்ட்டுகள் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் மழை மேகம் கூடும்போதே செய்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கையோ கேபிளையோ தொடக் கூடாது, அப்போது ஆபத்து உங்கள் கைக்கு. டிவி போனால் போகட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் செருகலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதவர்களுக்கு என் வரிசை இது. முதலில் எலெக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரல், எர்த் முனைகளின் ஸ்க்ரூக்களை இறுக்கச் சொல்லி, எர்த் டெஸ்டரால் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள்; இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். அடுத்து ஓவர் வோல்டேஜ் ரிலே. மூன்றாவதாக எஸ்பிடி. இடி அதிகம் உள்ள ஊர் என்றால் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிவிடுங்கள். வாடகை வீட்டில் மெயின் போர்டைத் தொட வழியில்லை என்றால், சுவர் பாயின்ட்டில் செருகும் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றை ஃப்ரிட்ஜுக்கு வையுங்கள், டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நல்ல ஸ்பைக் பஸ்டர் ஒன்று. அதன் அடியில் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் எம்ஓவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். "ப்ரொடெக்டட்" விளக்கு அணைந்துவிட்டால், கரண்ட் வந்துகொண்டிருந்தாலும் அன்றே மாற்றிவிடுங்கள்.